வைரமும் வெளிறும்: மலைக்காட்டு மரங்களின் அடர்த்தியும் கார்பன் கணக்கும்

ஒரு காட்டில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று சொல்லும் எந்த எண்ணையும் பிரித்துப் பார்த்தால், உள்ளே மூன்று எண்கள் இருக்கும்: மரத்தின் பருமன், கட்டையின் அடர்த்தி, உலர்ந்த கட்டையில் கார்பனின் பங்கு. பருமனைக் காட்டுக்குள் போய் நாடா பிடித்து அளக்கிறார்கள். மற்ற இரண்டும் பெரும்பாலும் மேசையில் உட்கார்ந்து அட்டவணையிலிருந்து எடுத்துப் போடப்படுகின்றன. சமவெளி மழைக்காட்டில் இப்படிச் செய்தாலும் கணக்கு ஓரளவு தப்பிவிடும். 1,500 மீட்டருக்கு மேல், மூடுபனி இறங்கும் காட்டில், அதே அட்டவணை காலை வாரிவிடும்.

முதலில் அடர்த்தி. எந்த மரமானாலும் அதன் செல் சுவர்ப் பொருளின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான்: கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம். ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய பால்சாவும், தண்ணீரில் மூழ்கும் இரும்புக்கட்டை மரங்களும் ஒரே பொருளால் ஆனவையே. அந்தப் பொருளுக்கிடையே எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. 0.6 அடர்த்தியுள்ள கட்டையில் சுவர் சுமார் 40 சதவீதம். மீதி நீரோ காற்றோ நிறைந்த குழல்களும் நார்களின் உட்குழிவும். ஆகவே அடர்த்தி என்பது மரத்தின் கட்டுமானம் பற்றிய எண். கார்பன் விகிதமோ அந்தச் சுவரின் வேதியியல் பற்றிய எண். 'கனத்த மரத்தில் கார்பன் விகிதமும் கூடுதலாக இருக்கும்' என்று பலர் நினைப்பது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான். கனத்த மரத்தின் ஒரு கன மீட்டரில் கார்பன் அதிகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கிலோ உலர்ந்த கட்டையில் அதிகம் இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கார்பன் கணக்குக்கு வேண்டியது அடிப்படை அடர்த்தி. அதாவது, ஓவனில் முற்றிலும் உலர்த்திய எடையை, பச்சையாக இருந்தபோது இருந்த கன அளவால் வகுத்தால் கிடைப்பது. எடை உலர்ந்த நிலைக்கு, கன அளவு பச்சை நிலைக்கு. முதல்முறை கேட்பவருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் காட்டில் நிற்கும் மரத்தை நாம் பச்சையாகத்தான் அளக்கிறோம், கார்பன் இருப்பதோ உலர்ந்த பொருளில். இரண்டையும் இணைக்கும் பாலம் இந்த ஒரே எண்தான்.

மரவேலைக் கையேடுகளில் இருப்பது வேறு எண். அவை 12 சதவீத ஈரத்தில், காற்றில் உலர்ந்து சுருங்கிய கட்டைக்கு உரியவை. தச்சருக்கும் பொறியாளருக்கும் அதுதான் பயன்படும். அதை அப்படியே கார்பன் கணக்கில் போட்டால் சுமார் 20 சதவீதம் கூடுதலாக வரும். 2018இல் வெளியான ஒரு மறுகணக்கீடு, 12 சதவீத ஈர அடர்த்தியை அடிப்படை அடர்த்தியாக மாற்ற 0.828ஆல் பெருக்கச் சொல்கிறது. கையேட்டில் கன மீட்டருக்கு 720 கிலோ என்று இருந்தால் அடிப்படை அடர்த்தி சுமார் 0.60. எண்ணுக்குப் பக்கத்தில் ஈர அளவு எழுதப்படாத அட்டவணை எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

மலையில் ஏறினால் அடர்த்தி கூடுமா, குறையுமா?

இரண்டு பக்கமும் இழுக்கும் காரணங்கள் உண்டு. குளிர்ந்த நீர் பிசுக்குத்தன்மை கூடியது. 25 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 10 டிகிரியில் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதே அளவு நீரை மேலே ஏற்ற வேண்டுமானால் குழலின் உள்வெளி பெரிதாக வேண்டும், அதனால் அடர்த்தி குறையும். எதிர்ப்பக்கம் உறைபனி. குழலுக்குள் நீர் உறைந்து உருகும்போது காற்றுக் குமிழி உருவாகி ஓட்டத்தை அறுத்துவிடும். அகன்ற குழல்களுக்கு இந்த ஆபத்து அதிகம். எனவே பனி விழும் உச்சிகளில் குறுகிய குழலுள்ள மரங்களே தாக்குப்பிடிக்கின்றன, கட்டை நெருங்கிவிடுகிறது. ஓயாத காற்று, மெல்லிய மண், மெதுவான வளர்ச்சி ஆகியவையும் அடர்த்தியைக் கூட்டும் பக்கமே தள்ளும். மறுபுறம், நிலச்சரிவுகள் வெட்டவெளியைத் திறந்துகொண்டே இருப்பதால் வேகமாக முளைத்து வளரும் வெளிறு மரங்களுக்கும் (வைரம் பாயாத மென்கட்டை மரங்கள்) மலையில் எப்போதும் இடமுண்டு. ஆண்டீஸ் மலையில் சரிவு விழுந்த இடத்தை முதலில் பிடிக்கும் ஆல்டர் அந்த வகை. அதே மலைத்தொடரில் 4,000 மீட்டருக்கு மேலும் நிற்கும் முறுக்கேறிய பாலிலெபிஸ் வேறு வகை. 'மலை மரம்' என்ற ஒரே பெயருக்குள் இரண்டும் அடங்குகின்றன.

ஆகவே கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரத்துக்கு ஒரு திருத்தக் காரணி போட்டுக்கொள்ளலாம் என்ற ஆசை பலிக்காது. எந்த இனம், எந்தப் பேரினம் என்று தெரிய வேண்டும். நல்ல வேளையாக, மர அடர்த்தி பரம்பரையில் ஆழமாகப் பதிந்த பண்பு. இனங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி பேரின அளவிலேயே பிடிபட்டுவிடுகிறது. 2009இல் பொதுவில் வைக்கப்பட்ட உலக மர அடர்த்தித் தரவுத்தொகுப்பில் 8,412 தாவர வகைகளுக்கு எண்கள் இருக்கின்றன. இனம் கிடைக்காவிட்டால் பேரினச் சராசரி, அதுவும் இல்லையென்றால் குடும்பச் சராசரி என்று இறங்கிப் போவதே வழக்கம்.

இந்த வழக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தத் தொகுப்பின் எண்கள் பெரும்பாலும் வியாபார மதிப்புள்ள, எளிதில் வெட்டப்பட்ட, தாழ்நில மரங்களிலிருந்து வந்தவை. நாவல் குடும்பத்தின் சிசிஜியம் போன்ற பெரிய பேரினங்கள் கடற்கரையிலிருந்து மலையுச்சிச் சோலைக்காடு வரை பரவியவை. மேலே நிற்கும், குட்டையான, சிற்றிலை கொண்ட இனத்துக்குக் கீழே வளரும் இனங்களின் சராசரியைப் போடுவது ஒரு ஊகமே. சிறிய பேரினங்களில் சராசரி பெரும்பாலும் பொருந்திவிடும்; நூற்றுக்கணக்கான இனங்களுள்ள பேரினங்களில்தான் கவனம் வேண்டும். இன்னொரு சின்னச் சறுக்கல்: மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளரும் ஒரே கூம்புத்தாவரம் (பைன் போன்றவற்றின் கூட்டம்) நாகெயா. அதன் இலை ஊசியாக இருக்காது, அகன்றிருக்கும். களத்தில் 'அகன்ற இலை' என்று குறித்துவிட்டால் அடர்த்தியும் கார்பன் விகிதமும் தவறான பெட்டியிலிருந்து வரும்.

அளந்தால்தான் தீரும்

மரத்தை வெட்டாமல் அடர்த்தி அறிய இன்கிரிமென்ட் போரர் என்ற உள்ளீடற்ற துரப்பணம் போதும். பரவலாகப் பயன்படுவது 5.15 மில்லிமீட்டர் கோர் எடுப்பது; கடினமான வேலைக்கு 12 மில்லிமீட்டரும் உண்டு. பட்டையிலிருந்து மரத்தின் மையமான நடுச்சோறு வரை பென்சிலைவிட மெல்லிய ஒரு குச்சி வெளியே வரும். அதுதான் கோர்.

சரிவில் எந்தப் பக்கம் துளைப்பது என்பது முதல் கேள்வி. சாய்ந்து நிற்கும் மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ளத் தனிக் கட்டை உருவாக்கும். பூக்கும் மரங்களில் அது மேற்புறத்தில், செல் சுவரின் நார்ப்பொருளான செல்லுலோஸ் மிகுந்து இருக்கும். கூம்புத்தாவரங்களில் கீழ்ப்புறத்தில், சுவரை இறுக்கும் லிக்னின் மிகுந்து, அடர்ந்து இருக்கும். இரண்டும் அந்த மரத்தின் சராசரியைக் காட்டா. அடர்த்தியை மட்டுமல்ல, கார்பன் விகிதத்தையும் திருப்பிவிடும். எனவே மேட்டுப் பக்கமும் வேண்டாம், பள்ளத்துப் பக்கமும் வேண்டாம். சரிவுக்குக் குறுக்காக, சமஉயரக் கோட்டின் திசையில், 1.3 மீட்டர் உயரத்தில் துளைக்க வேண்டும். அந்த 1.3 மீட்டரும் மேட்டுப் பக்கத் தரையிலிருந்து அளக்கப்படுவது.

போரர் மழுங்கியிருந்தால் கோர் நசுங்கியோ முறுக்கியோ வரும். கன அளவு அப்போதே கெட்டுவிட்டது. நடுச்சோறைத் தொட்டதும் கோரை உருவி, போரரையும் உடனே திருப்பி எடுத்துவிட வேண்டும். பேசிக்கொண்டே பத்து நிமிடம் விட்டால் சுற்றியுள்ள கட்டை இறுகிப் பிடித்துக்கொள்ளும். வைரம் பாய்ந்த மரத்தில் கருவி உடைவது பெரும்பாலும் இப்படித்தான். வழுக்குவதற்குத் தேன்மெழுகு பூசும் பழக்கம் உண்டு. அடர்த்திக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. அதே கோரைக் கார்பன் பகுப்பாய்வுக்கும் அனுப்புவதாக இருந்தால் மெழுகைத் தொடவே கூடாது, ஏனென்றால் மெழுகில் சுமார் 80 சதவீதம் கார்பன். நிரந்தரக் கண்காணிப்புப் பரப்புக்குள் (மீண்டும் மீண்டும் அளக்க ஒதுக்கிய இடம்) உள்ள மரங்களையும் துளைக்க வேண்டாம். துளை வழியே பூஞ்சை இறங்கினால், நாம் அளக்க வந்த மரத்தை நாமே கெடுத்ததாகும். அதே இனத்தைப் பரப்புக்கு வெளியே தேடிக்கொள்ளலாம்.

எடுத்த கோரைப் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலில் போட்டு இரு முனையையும் அடைக்கவும். காகிதக் குழல் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் கட்டை சுருங்கத் தொடங்குகிறது; பிறகு 'பச்சைக் கன அளவு' என்று எதை எழுதினாலும் பொய். அடைத்து வைத்தால் காய்வதில்லை, ஆனால் சில நாட்களில் பூசணம் பிடிக்கும். அன்று எடுத்ததை அன்றே அளந்துவிடுவதுதான் இரண்டிலிருந்தும் தப்பும் வழி. காய்ந்துவிட்டால் நீரில் ஒன்றிரண்டு நாள் ஊறவைத்து மீட்கலாம்; ஆனால் கட்டையின் கறைப்பொருளான டானின் கரைந்து தண்ணீர் பழுப்பாவதைப் பார்த்தால் உலர் எடையின் ஒரு துளியும் அதோடு போகிறது என்று பொருள்.

கன அளவுக்கு எளிய வழி: நூறில் ஒரு கிராம் வரை, முடிந்தால் ஆயிரத்தில் ஒரு கிராம் வரை காட்டும் தராசில் நீர் நிரம்பிய பீக்கரை வைத்துப் பூச்சியமாக்கவும். கோரை மெல்லிய ஊசியில் குத்தி, பக்கச் சுவரையும் அடியையும் தொடாமல் நீருக்குள் முழுதாக அமிழ்த்தவும். தராசு காட்டும் கிராம்தான் கன சென்டிமீட்டரில் கன அளவு. ஒட்டியிருக்கும் ஒரு காற்றுக் குமிழியும் கன அளவைக் கூட்டிக் காட்டும். கோர் சுவரைத் தொட்டால் எண் நிலையில்லாமல் ஆடும்.

தராசு இல்லாத முகாமில் நீளத்தையும் விட்டத்தையும் காலிப்பரால் அளந்து கணக்கிடலாம். ஆனால் சிறு விட்டத்தில் சிறு பிழையும் பெரிதாகும். 5.15 மில்லிமீட்டர் விட்டமுள்ள கோரை '5 மில்லிமீட்டர்தானே' என்று எடுத்துக்கொண்டால் அடர்த்தி 6 சதவீதம் ஏறிவிடும். கீழே பார்க்கப்போகும், கார்பன் விகிதத்தை 0.47 என்பதா 0.50 என்பதா என்று நடக்கும் வாதத்தின் முழு அளவும் ஏறக்குறைய இவ்வளவுதான்; இங்கே அது ஒரு காலிப்பரில் தொலைகிறது.

உலர்த்துவது 101 முதல் 105 டிகிரி வரை. கோருக்கு 24 மணி நேரம் பெரும்பாலும் போதும், தடித்த வட்டுகளுக்கு மூன்று நாளோ அதற்கு மேலோ. மணிக்கணக்கை நம்புவதைவிட, சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எடைபோட்டு எண் மாறவில்லை என்று பார்ப்பதே முறை. 60 அல்லது 70 டிகிரியில் உலர்த்தினால் சுவரில் பிணைந்த நீர் சில சதவீதம் தங்கிவிடும். ஓவனிலிருந்து எடுத்ததைச் சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) ஆறவிட்டே எடைபோட வேண்டும். ஈரக் காற்றில் திறந்து வைத்தால் தராசின் எண் கண்ணெதிரே ஏறுவதைப் பார்க்கலாம்.

கோர் கையில் வந்த பிறகு செய்யப்படும் பிழைதான் அதிகம் கவனிக்கப்படாதது. கோர் ஒரு கோடு, மரமோ வட்டம். நடுச்சோற்றுக்கு அருகிலுள்ள ஐந்து சென்டிமீட்டரும் பட்டைக்கு அடியிலுள்ள ஐந்து சென்டிமீட்டரும் கோரில் ஒரே நீளம். ஆனால் மரத்தின் குறுக்குப் பரப்பில் வெளித்துண்டின் பங்கு பல மடங்கு. 20 சென்டிமீட்டர் கோரை நான்கு சமத் துண்டாக வெட்டினால், உள்ளிருந்து வெளியே அவை குறிக்கும் பரப்புகள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் போகும். அந்த நான்கின் அடர்த்தி 0.40, 0.48, 0.56, 0.62 என்று வைத்துக்கொள்வோம். இளமையில் வேகமாக வளர்ந்து பிறகு நிதானித்த மரத்தில் இப்படி அமைவது இயல்பு. கோர் முழுவதையும் ஒன்றாக எடைபோட்டால் 0.515. பரப்பின்படி எடையிட்டால் 0.56. ஒன்பது சதவீத இடைவெளி, ஒரே குச்சியில். உள்ளே வைரம், வெளியே வெளிறு என்ற மரத்தில் பிழை எதிர்த்திசையில் போகும். துண்டு துண்டாக வெட்டி அளப்பதற்கு ஒரு மரத்துக்கு அரை மணி நேரம் கூடுதலாகும். கோர் வேலையில் அதற்கு ஈடான பலன் வேறெதிலும் கிடைக்காது.

கார்பன் விகிதம்

செல்லுலோஸில் கார்பன் 44.4 சதவீதம், அதன் வாய்பாட்டிலிருந்தே கணக்கிட்டு விடலாம். ஹெமிசெல்லுலோஸ் அதற்குச் சற்று மேலே, 45 பக்கம். லிக்னினில் 60 சதவீதத்துக்கு மேல். எண்ணெய், பிசின், டானின் போன்றவை வகைக்கு வகை மாறும். பிசினும் எண்ணெயும் லிக்னினையும் தாண்டும். எனவே ஒரு மரத்தின் கார்பன் விகிதம் இந்தக் கலவையின் சராசரியே. லிக்னின் கூடுதலான கூம்புத்தாவரங்கள் 50ஐத் தாண்டுவதும், வெப்பமண்டலப் பூக்கும் மரங்கள் 47 அருகே நிற்பதும் இதனால்தான். 'பாதி கார்பன்' என்ற பழைய சூத்திரம் சொல்வதற்கு எளிது, வெப்பமண்டலக் காட்டுக்குப் பொருந்தாது. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி 2006இல் தந்த வழிகாட்டுதல்களின் பொது மதிப்பு 0.47. பனாமா மழைக்காட்டின் 59 இனங்களை அளந்து 2011இல் வெளியான ஆய்விலும் சராசரி 47.4 சதவீதம்தான்; ஆனால் இனத்துக்கு இனம் 42க்கும் 52க்கும் இடையே மாறியது.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. கட்டையை ஓவனில் உலர்த்தும்போது நீரோடு ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் போய்விடுகின்றன. அவற்றின் கார்பன் சராசரியாக உலர் எடையில் 2.5 சதவீத அளவு. மலைக்காட்டில் இது வெறும் அடிக்குறிப்பு இல்லை. சோலைகளில் லவங்கப்பட்டைக் குடும்ப மரங்கள் நிறைய. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் ஜூனிபர். வெட்டினாலே மணக்கும் கட்டை என்றால் அந்த மணம்தான் நாம் இழக்கும் கார்பன். அடர்த்திக்கு 105 டிகிரி வேண்டும், கார்பனுக்கு அது ஆகாது. ஆகவே ஒரு மரத்திலிருந்து இரண்டு கோர்: ஒன்று ஓவனுக்கு, மற்றது உறைநிலையில் உலர்த்த. அந்த வசதி இல்லாவிட்டால் காற்றில் உலர்த்தி, மீதி ஈரத்தைத் தனியாக அளந்து கழிக்கலாம்.

ஆய்வகத்தில் தனிமப் பகுப்பாய்வுக் கருவி சில மில்லிகிராம் தூளைச் சுமார் 1,000 டிகிரியில் எரித்து, வெளிவரும் கார்பன் டைஆக்சைடை அளக்கிறது. நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள மரத்தைச் சில மில்லிகிராம் பிரதிநிதித்துவம் செய்ய வேண்டுமென்றால் அரைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோர் முழுவதும், பரப்பு விகிதப்படி, அரை மில்லிமீட்டருக்கும் நுண்ணிய தூளாக வேண்டும். அரைவை சூடானால் ஆவியாகும் சேர்மங்கள் அங்கேயே போய்விடும். விட்டு விட்டு அரைப்பது நல்லது. கருவியைச் சரிபார்க்க அசெட்டனிலைடு போன்ற நிர்ணயப் பொருள் உண்டு. அதன் கார்பன் 71.09 சதவீதம், பத்துப் பதினைந்து மாதிரிக்கு ஒருமுறை அதை ஓட்டி, எண் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பட்டையைத் தனியாக வைக்கவும். அதில் கால்சியம் உப்புகளும் சாம்பலும் கூடுதல். மண்ணுக்கான டைக்குரோமேட் முறையைக் கட்டைக்குப் பயன்படுத்தும் அறிக்கைகளும் கண்ணில் படுகின்றன. லிக்னினை அது முழுதாக எரிப்பதில்லை, எனவே குறைவாகவே காட்டும்.

ஒரே மரம், இரண்டு கணக்கு

தராசையும் ஓவனையும் விட்டுவிட்டு இப்போது காட்டுக்குத் திரும்புவோம். மார்பளவு விட்டம் 40 சென்டிமீட்டர், உயரம் 14 மீட்டர், அடிப்படை அடர்த்தி 0.56 உள்ள ஒரு மலைமரம். ஜெரோம் ஷாவும் உடன் ஆய்வாளர்களும் 58 இடங்களில் வெட்டி எடைபோட்ட 4,004 மரங்களைக் கொண்டு 2014இல் தந்த சமன்பாடு இது: தரைக்கு மேலுள்ள உலர் எடை = 0.0673 × (அடர்த்தி × விட்டம் × விட்டம் × உயரம்)இன் 0.976ஆம் அடுக்கு. விட்டம் சென்டிமீட்டரில், உயரம் மீட்டரில். நம் மரத்துக்கு அடைப்புக்குள் 12,544 வரும். விடை 673 கிலோ. 0.47ஆல் பெருக்கினால் கார்பன் 316 கிலோ. கார்பன் டைஆக்சைடாகச் சொல்ல 44/12ஆல் பெருக்கினால் சுமார் 1,160 கிலோ.

அதே மரத்துக்கு மேசைக் கணக்கு. உயரம் அளக்கவில்லை, 40 சென்டிமீட்டர் விட்டத்துக்குத் தாழ்நிலக் காட்டில் 22 மீட்டர் இருக்கும் என்று போட்டுக்கொண்டார்கள். அடர்த்தி கையேட்டிலிருந்து 0.676, அதாவது 12 சதவீத ஈரத்தில் உள்ளது. கார்பன் பாதி. விடை 629 கிலோ. உண்மையின் இரு மடங்கு. தனித்தனியாகப் பார்த்தால் உயரம் மட்டும் 55 சதவீதம், அடர்த்தி 20 சதவீதம், கார்பன் விகிதம் 6 சதவீதம் கூட்டுகின்றன. மலைமரம் அதே பருமனுக்குக் குட்டையாக நிற்கும் என்பதை மறந்ததுதான் பெரும் பங்கு. உயரத்தை அளக்க மனமில்லாதவர் மர அடர்த்தியைப் பற்றிக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

அதற்காகக் கார்பன் விகிதத்தின் 6 சதவீதத்தை அலட்சியப்படுத்தவும் முடியாது. அடர்த்திப் பிழை ஒரு மரத்தில் கூடும், இன்னொன்றில் குறையும். ஆயிரம் மரங்களில் பெரும்பகுதி தமக்குள் கழிந்துவிடும். 0.50 என்ற தவறு கழியாது. ஒவ்வொரு மரத்திலும் ஒரே திசையில் ஏறி, மொத்தத்திலும் அதே 6 சதவீதமாக நிற்கும். கையேட்டு அடர்த்தியை மாற்றாமல் போட்டதும் இந்த வகைதான்.

மூடுபனிக் காட்டுக்கே உரிய சில தொல்லைகள் இந்தக் கணக்கில் நுழைவதுண்டு. தண்டைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் பாசி இருந்து, நாடாவை அதன் மேலேயே சுற்றினால் விட்டம் 42 ஆகும், உயிர்த்திரள் (மரத்தின் உலர் எடை) 10 சதவீதம் உயரும். பாசியைச் சுரண்டி எறிய வேண்டியதில்லை, நாடாவை அதன் அடியில் நுழைத்தால் போதும். அடியிலிருந்தே பல தண்டாகக் கிளைக்கும் மரங்களில் விட்டங்களைக் கூட்டக்கூடாது. ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். சரிவில் 20க்கு 20 மீட்டர் பரப்பைத் தரையோடு தரையாக அளந்து கட்டினால், 30 டிகிரிச் சரிவில் அது வரைபடத்தில் 346 சதுர மீட்டர்தான். அதிலுள்ள கார்பனை 400 சதுர மீட்டரால் வகுத்தால் ஹெக்டேர்க் கணக்கு 13 சதவீதம் குறையும். சரிவுத் திசையில் 23.1 மீட்டர் இழுத்தால் சரியாகும்.

குட்டை மரங்கள் என்பதால் மலைக்காட்டில் கார்பன் குறைவு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஆப்பிரிக்காவின் 12 நாடுகளில், 44 மலைப்பகுதிகளில் அளந்த மரங்களை வைத்து 2021இல் வெளியான ஆய்வில், ஹெக்டேருக்குத் தரைமேல் கார்பன் சராசரி 149.4 டன். ஐபிசிசியின் பொது மதிப்பு அங்கே 89.3 டன். மலைக்காடு குறைவாகத்தான் வைத்திருக்கும் என்ற முன்முடிவு அந்த அட்டவணைக்குள் உட்கார்ந்திருந்தது. உயரத்தை அளக்காத கணக்கு கூடுதலாகச் சொல்கிறது, பொது அட்டவணை குறைவாகச் சொல்கிறது. இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டும் என்று நம்புவது சூதாட்டம். தரைக்குக் கீழும் இதே கதைதான். தெற்கு ஈக்வடாரில் 1,050 மீட்டரிலிருந்து 3,060 மீட்டர் வரை அளந்தபோது, மேலே போகப் போகத் தண்டோடு ஒப்பிட்ட வேரின் பங்கு பெரிதாக ஏறியது. தாழ்நில வேர் விகிதத்தை அங்கே போடுபவர் மண்ணுக்கடியில் உள்ளதை விட்டுவிடுகிறார்.

பணமும் ஆளும் குறைவாக இருக்கும்போது எங்கே செலவிடுவது? பரப்பில் உள்ள எல்லா மரத்தின் விட்டங்களையும் வர்க்கப்படுத்தி, இனவாரியாகக் கூட்டி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். பட்டியலின் மேலேயுள்ள ஒரு சில இனங்களே மொத்தத்தில் பெரும்பகுதியைப் பிடித்திருக்கும். அவற்றில் இனத்துக்கு ஐந்தாறு மரமாவது, சிறிய விட்டத்திலிருந்து பெரியது வரை, கோர் எடுக்க வேண்டும். பெரிய மரத்தை விட்டுவிட்டுக் கைக்கு எட்டியதை மட்டும் துளைத்தால் வெளிறை அளந்துவிட்டு வைரத்துக்குக் கணக்கு எழுதியதாகும். கீழேயுள்ள அரிய இனங்களுக்குப் பேரினச் சராசரி போதும். கார்பன் பகுப்பாய்வை அந்த முதல் சில இனங்களுக்கும், மணமுள்ள கட்டைக்கும், கூம்புத்தாவரம் இருந்தால் அதற்கும் செய்தால் போதும், மற்றவற்றுக்கு 0.47.

விழுந்து கிடக்கும் மரங்களுக்கு மட்டும் எந்த அட்டவணையும் உதவாது. குளிரில் மட்குவது மெதுவாக நடப்பதால் மலைக்காட்டின் தரையில் அவை நிறைய. கத்தியால் குத்தி, நுழையாதது, சற்று நுழைவது, கைப்பிடி வரை இறங்குவது என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக அடர்த்தி அளக்க வேண்டும். மூன்றாவது வகையைப் போரரில் எடுக்க முடியாது, பொடிந்து உதிர்ந்துவிடும். உள்விட்டமும் நீளமும் தெரிந்த உலோகக் குழாயை அதற்குள் அழுத்தி, குழாயின் கொள்ளளவையே பச்சைக் கன அளவாக எழுதிக்கொண்டு, உள்ளே இருப்பதை ஒரு பொடியும் சிந்தாமல் ஓவன் தட்டில் தட்ட வேண்டும்.